மரம் சொல்லும் வடிவம்: இயற்கையைத் தழுவிய இருக்கைகளும் நம் வீடுகளும்

2018 ஆகஸ்ட் மாதத்துப் பெருவெள்ளத்தை ஆலுவாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் மறந்திருக்க முடியாது. பெரியாறு கரையைத் தாண்டித் தெருவுக்குள் வந்தது. நெடும்பாசேரி விமான நிலையமே ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடிக் கிடந்தது. எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. உறவினர் வீட்டில் தங்கியிருந்து விட்டு, தண்ணீர் வடிந்த பிறகு வந்து கதவைத் தள்ளினால் கதவு பாதிதான் திறந்தது. உள்ளே சேறு. ஆசையாகத் தவணையில் வாங்கிய புது அலமாரி, கட்டில், கம்ப்யூட்டர் மேசை எல்லாம் டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி ஊதி, தொட்டால் உதிர்ந்தன. அவற்றை அள்ளிக் குப்பை லாரியில்தான் ஏற்ற முடிந்தது.

ஆனால் என் தகப்பனார் காலத்துப் பலா மரச் சாய்வு நாற்காலி ஒரு மூலையில் கவிழ்ந்து கிடந்தது. கழுவி, நிழலில் வைத்தோம். மூன்று வாரத்தில் பழையபடி உட்காரும் நிலைக்கு வந்துவிட்டது. வெள்ளத்துக்கு ஒரு மாதம் முன்புதான், "இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு, மட்டாஞ்சேரி பழம்பொருள் கடைக்காரன் எவனாவது எடுத்துக்குவான், குடுத்துடுவோம்" என்று வீட்டில் பேசி முடிவு செய்திருந்தோம் என்பதை வெட்கத்தோடு இங்கே குறிப்பிட வேண்டும்.

நாற்காலியின் பிரம்பைப் புதிதாகப் பின்ன வந்தவர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே குடியேறிய ஒரு முதிய ஆசாரி. நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பி, பின்காலை விரலால் தடவிக் காட்டினார். "சாரே, இந்த வளைவ நல்லாப் பாத்துக்கிடுங்க. பலகைல வரைஞ்சு அறுத்தது இல்ல. கொப்பு எப்பிடி வளைஞ்சு வளந்துச்சோ அப்பிடியே எடுத்திருக்கான். ரேகை வளைவு கூடவே ஓடுது பாருங்க. அதான் இத்தன வருஷம் ஒடியல." ரேகை என்று அவர் சொன்னது மரத்தின் நார் ஓட்டத்தை.

அந்த ஒரு சொல்தான் இக்கட்டுரைக்குத் தூண்டுதல். இன்று உலகெங்கும் உள்ள வடிவமைப்பாளர்கள் இயற்கையிலிருந்து வடிவம் எடுத்த இருக்கைகள், சிற்பம் போன்ற மேசைகள் என்று பெரிதாகப் பேசுகிறார்கள். கொச்சியின் பெரிய கடைகளிலும் அவை விற்பனைக்கு வருகின்றன. இயற்கை எப்படி எப்படியெல்லாம் மரச்சாமானுக்குள் வருகிறது, அதில் நம் பங்கு என்ன, வாங்கும்போதும் விற்கும்போதும் நாம் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் குடும்பங்களுக்குப் பயன்படும் வகையில் காண்போம்.

பெயர்களில் உள்ள வரலாறு

நாற்காலி என்பது நான்கு கால் உடையது என்ற பொருளில் அமைந்த நல்ல தமிழ்ச் சொல். முக்காலியும் அவ்வாறே. கட்டில் என்பது சங்க இலக்கியத்திலேயே உள்ள சொல். அரசனின் அரியணையை அரசுகட்டில் என்றும், முரசு வைக்கும் மேடையை முரசுகட்டில் என்றும் வழங்கினர். அப்படி ஒரு முரசுகட்டிலில் அறியாமல் படுத்து உறங்கிய மோசிகீரனாருக்குச் சேர மன்னன் கவரி வீசிய செய்தியைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அந்தச் சேர நாட்டில்தான் இன்று நாம் வாழ்கிறோம்.

ஆனால் மேசை, அலமாரி இரண்டும் போர்த்துக்கீசியர் தந்த சொற்கள். அவர்கள் மொழியின் மேசா, அர்மாரியோ என்பவை நம் நாவில் இப்படி மாறின. நாற்காலியைக் குறிக்கும் அவர்களது கதெய்ரா என்ற சொல் இலங்கைத் தமிழில் கதிரை ஆயிற்று. மலையாளத்தில் கசேர ஆயிற்று என்பர். உயரமான மேசையும் முதுகு சாயும் நாற்காலியும் இந்தக் கடற்கரையில் வீட்டுக்கு வீடு பரவியதற்குக் கொச்சித் துறைமுகமும் ஒரு வாசல். அதற்கு முன்னால் மணை, பலகை, பாய், கட்டில், ஊஞ்சல் என்பவையே நம் வீட்டுச் சாமான்கள்.

புல்லும் மரமும்

மரச்சாமானைப் புரிந்துகொள்ள முதலில் மரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தொல்காப்பியத்தின் மரபியல் தாவரங்களை ஓர் அழகான முறையில் பிரிக்கிறது. வெளிப்பக்கம் வைரம் உடையவை புல். உட்பக்கம் வைரம் உடையவை மரம். இதன்படி தென்னை, பனை, மூங்கில், பிரம்பு எல்லாம் புல் இனம். தேக்கு, ஈட்டி, பலா, ஆஞ்சிலி ஆகியவை மரம். இன்றைய தாவரவியலும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் ஒருவித்திலை, இருவித்திலை என்று பிரிக்கிறது. வைரத்தை மலையாளத்தில் காதல் என்கிறார்கள். மர அறுவை மில்லில் "நல்ல காதலுள்ள தடி" என்று கேட்டு நம் பிள்ளைகள் சிரிப்பது உண்டு.

இந்தப் பிரிவினை தச்சனுக்கு நேரடியாகப் பயன்படுகிறது. பிரம்பும் மூங்கிலும் வளையும், பிளக்கும், பின்னலுக்கு ஏற்றவை. வைரம் பாய்ந்த மரம் பளுவைத் தாங்கும், ஆனால் எளிதில் வளையாது. ஆகவேதான் நம் சாய்வு நாற்காலியில் சட்டம் மரம், இருக்கை பிரம்பு. காற்றோட்டமான அந்தப் பின்னல் நம் புழுக்கத்துக்கு ஏற்றது. ஒவ்வொரு பொருளையும் அதன் இயல்பு எங்கே வேண்டுமோ அங்கே வைத்திருக்கிறார்கள்.

முதல் வழி: அலங்காரமாக இயற்கை

இயற்கை மரச்சாமானுக்குள் வரும் மிகப் பழைய வழி அலங்காரம். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டிமாதேவியின் கட்டிலை வருணிக்கிறார். போரில் வீழ்ந்த நாற்பது வயது யானையின் தந்தத்தை எடுத்து, வல்லவனான தச்சன் கூரிய உளியால் இலை வடிவங்களைச் செதுக்கி, கால்களின் அடியை உள்ளிப்பூண்டின் வடிவில் திரட்டி அமைத்தான் என்கிறார். சமையலறையில் உரிக்கும் பூண்டு அரசியின் கட்டில் காலில் ஏறியிருக்கிறது! இயற்கை வடிவ மரச்சாமான் மேல்நாட்டுப் புதுமை என்று யாராவது சொன்னால் இந்தப் பூண்டுக் காலை எடுத்துக் காட்டலாம்.

பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரையில் ஐரோப்பிய வணிகருக்காகக் கருங்காலி மரத்தில் நாற்காலிகள் செய்தார்கள். உடல் முழுவதும் பூவும் கொடியும் இலையும் செதுக்கியவை. இவை இங்கிலாந்துக்குச் சென்ற பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. எங்கே செய்தவை என்பதே மறந்துபோய், பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கிருந்த அறிஞர்கள் இவற்றைத் தங்கள் நாட்டுப் பழைய டியூடர் அரச காலத்துச் சாமான்கள் என்று நினைத்தார்கள். ஹொரேஸ் வால்போல் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் அப்படி நம்பியே ஸ்ட்ராபெரி ஹில் என்ற தம் மாளிகைக்கு இவற்றை வாங்கிச் சேர்த்தார். நம் கரைத் தச்சர்களின் உளி வேலை வேறொருவர் பாட்டன் சொத்தாக மதிக்கப்பட்டது.

இந்த அலங்கார மரபை நேரில் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் வரலாம். 1555இல் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தது. பின்னர் டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்றே பெயர் நிலைத்துவிட்டது. சுவர் ஓவியங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் வெளியேறி விடுவார்கள். ஒரு நிமிடம் தலையை நிமிர்த்தி, பூ வேலைப்பாடுள்ள மர விதானத்தையும் பாருங்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் யூதத் தெரு. அதன் கடைகளில் பழைய தறவாட்டு வீடுகளிலிருந்து வந்த தூண்கள், பெட்டிகள், நீண்ட கைப்பிடிச் சாய்வு நாற்காலிகள் குவிந்திருக்கும். அவற்றில் பல, எங்களைப் போல "இடத்தை அடைக்கிறது" என்று சொன்ன குடும்பங்கள் கொடுத்தவையாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாம் வழி: வளைவாக இயற்கை

அலங்காரத்தில் நாற்காலி நாற்காலியாகவே இருக்கும். அதன் மேல் ஒரு பூ ஒட்டியிருக்கும். இந்தப் பூவை நீக்கிவிட்டு, நாற்காலியின் உடலே ஒரு கொடிபோல வளைந்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. 1900ஐ ஒட்டி ஐரோப்பாவில் எழுந்த ஆர்ட் நூவோ இயக்கம் இதைக் கேட்டது. பாரிஸ் மெட்ரோ நிலைய வாசல்களில் ஹெக்டர் கிமார் இரும்பைத் தாவரத் தண்டு போல எழுப்பினார். பார்சிலோனாவில் கௌடி தம் கட்டடங்களுக்குச் செய்த மர நாற்காலிகள் எலும்பையும் இதழையும் நினைவூட்டுபவை.

இதில் ஒரு தொழில் சிக்கல் உண்டு. மரத்தின் நார் நேராக ஓடுகிறது. நேரான பலகையில் வளைவை வரைந்து அறுத்தால், வளைவின் நடுவில் நார் குறுக்கே வெட்டுப்பட்டுக் குட்டையாகிவிடும். பளு வந்ததும் அந்த இடத்தில்தான் படக்கென்று ஒடியும். ஒரே பொட்டலத்துச் சேமியாவை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், குறுக்கே ஒடித்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

இச்சிக்கலுக்கு மூன்று தீர்வுகள் உண்டு. முதலாவது, வளைந்தே வளர்ந்த கொப்பைத் தேடி எடுப்பது. நம் கிராமத்துத் தச்சர்கள் கலப்பைக்கு அப்படித்தான் கருவேல மரத்தில் கோணல் கிளையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். மரத்தால் கப்பல் கட்டுகிறவர்களும் விலாச் சட்டங்களுக்கு வளைந்த மரத்தையே தேடுவார்கள். எங்கள் நாற்காலியின் பின்காலும் இந்த வகைதான்.

இரண்டாவது, மரத்தை நீராவியில் வேகவைத்து வளைப்பது. ஜெர்மானியரான மிக்கேல் தோனெட் பீச் மரக் கம்புகளை இப்படி வளைத்து 1859இல் 14ஆம் எண் நாற்காலியைச் செய்தார். ஆறு மரத் துண்டு, பத்து திருகாணி, இரண்டு நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் முப்பத்தாறு நாற்காலிகள் அடங்கும். பழைய காப்பிக் கடைகளில் நாம் உட்கார்ந்த வட்ட இருக்கை நாற்காலிகள் இதன் வாரிசுகள்தாம்.

மூன்றாவது, மரத்தை மெல்லிய தாள்களாக்கி, பசையிட்டு அடுக்கி, அச்சில் வைத்து அழுத்துவது. பின்லாந்தின் அல்வார் ஆல்ட்டோ பைமியோ காசநோய் மருத்துவமனைக்காக 1932வாக்கில் செய்த நாற்காலியில் பிர்ச் மரம் ஓர் அலை போல வளைகிறது. அதன் சாய்வு நோயாளி எளிதாக மூச்சு விடுவதற்காக வகுக்கப்பட்டது. அமெரிக்காவில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் உலகப் போரின்போது காயம்பட்ட கடற்படை வீரர்களின் காலுக்கு ஒட்டுப் பலகையில் கட்டுச் சட்டம் செய்தனர். மனிதக் காலின் வளைவைப் படித்த அந்த அனுபவமே 1946வாக்கில் அவர்களது புகழ்பெற்ற நாற்காலியாக மலர்ந்தது. இதே தம்பதியர் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில், இங்கே கண்ட பொருள்களிலேயே மிக அழகானது என்று நம் வீட்டுச் சொம்பைப் புகழ்ந்தார்கள். அந்த அறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது.

ஒட்டுப் பலகை என்றதும் பெரும்பாவூர் நினைவு வர வேண்டும். நம் பக்கத்திலேயே இருக்கும் அந்த ஊர் பிளைவுட் தொழிலுக்குப் பேர்போனது. பால் வற்றிப்போய் வெட்டப்படும் ரப்பர் மரத்தை, பென்சில் சீவுவது போலச் சுற்றிச் சுற்றி உரித்துத் தாளாக்குகிறார்கள். ஒரு தாளின் நார் நெடுக்கில் இருந்தால் அடுத்ததை குறுக்கில் வைத்து ஒட்டுகிறார்கள். அதனால் எந்தப் பக்கமும் எளிதில் பிளக்காது. வீணாகும் மரத்தைப் பயனாக்கும் நல்ல தொழில் இது. ஆனால் வெள்ளத்தில் எங்கள் வீட்டில் உதிர்ந்தது பிளைவுட் அல்ல. மரத்தூளையும் செதிலையும் பசையில் குழைத்து அழுத்திய பார்ட்டிக்கிள் போர்டு. அதில் நார் ஓட்டம் என்பதே கிடையாது. ஒவ்வொரு செதிலும் தண்ணீரைக் குடித்து ஊதினால் பசை விட்டுப்போகும். காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. மேலே ஒட்டிய தேக்கு டிசைன் தாள் மட்டும் கடைசிவரை தேக்காகவே சிரித்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் வழி: உருவமாக இயற்கை

1950களில் பிளாஸ்டிக்கும் கண்ணாடி இழையும் வந்ததும் நாற்காலி மரத்தை விட்டே விலகிச் சிற்பமாகிவிட்டது. ஈரோ சாரினென் 1957இல் வெளியிட்ட டூலிப் நாற்காலி ஒற்றைத் தண்டில் நிற்கும் மலர். மேசைக்கு அடியில் காடுபோல மண்டும் கால்களை ஒழிப்பதே தம் நோக்கம் என்றார் அவர். டென்மார்க்கின் ஆர்னே யாக்கோப்சென் 1958இல் கோபன்ஹேகன் ஓட்டல் ஒன்றுக்காக முட்டை, அன்னம் என்ற பெயர்களிலேயே நாற்காலிகள் செய்தார். 1967இல் வந்த வெர்னர் பான்டனின் நாற்காலி ஒரே வார்ப்பில் ஆன பிளாஸ்டிக் நாக்கு.

இவை அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டூலிப் நாற்காலி முழுவதையும் ஒரே பொருளில் செய்யவே சாரினென் விரும்பினார். முடியவில்லை. கண்ணாடி இழைத் தண்டு பளு தாங்காது என்பதால் அடிப்பகுதியை அலுமினியத்தில் செய்து, மேற்பகுதியைப் போலவே வண்ணம் பூசினார்கள். உண்மையான மலரில் தண்டும் இதழும் ஒரே உடல். உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இயற்கை முழுவதும் கைக்கு வருவதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

புதுச்சேரியில் ஒரு ஜப்பானியத் தச்சர்

உருவத்தைப் பார்க்காமல் மரத்தின் இயல்பைப் பின்பற்றிய ஒருவரின் கதை நம் தமிழ் மண்ணோடு தொடர்புடையது. பலருக்கு இது தெரியாது. ஜார்ஜ் நாகாஷிமா 1905இல் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர். கட்டடக் கலை படித்தவர். டோக்கியோவில் அன்டோனின் ரேமண்டு என்ற கட்டடக் கலைஞரிடம் பணிபுரிந்தபோது, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதியைக் கட்டும் பொறுப்பு ரேமண்டுக்கு வந்தது. அதை மேற்பார்க்க நாகாஷிமா 1937இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

அந்த விடுதியின் பெயர் கோல்கொண்டா. கட்டப் பணம் கிடைத்தது ஐதராபாத் நிஜாம் அரசின் உயர் பதவியிலிருந்த சர் அக்பர் ஹைதரி வழியாக என்பதால் இப்பெயர். சுவருக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய கான்கிரீட் பலகைகள், அறைகளுக்குக் காற்று புகும் இடைவெளி விட்ட தேக்குச் சறுக்குக் கதவுகள் என்று, வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் ஏற்பக் கட்டப்பட்டது. மின்விசிறி இல்லாமலே குளிர்ச்சியாக இருக்கும்படி திட்டமிட்டார்கள். அறைகளுக்கான எளிய தேக்கு மரச்சாமான்களும் அந்தக் கட்டடத்துக்கென்றே வகுக்கப்பட்டவை. நாகாஷிமாவின் ஆரம்பகால மரச்சாமான் வேலைகளில் இதுவும் ஒன்று. ஊதியம் வாங்காமல் ஆசிரமவாசியாகவே மாறிய அவருக்கு அரவிந்தர் சுந்தரானந்தா என்று பெயரிட்டார்.

1939இல் அவர் புதுச்சேரியை விட்டுச் சென்றார். அமெரிக்கா திரும்பிய பின், ஜப்பானியருக்கு எதிரான போர்க்கால நடவடிக்கையில் 1942இல் மனைவி, கைக்குழந்தையோடு ஐடஹோ மாநிலத்து மினிடோக்கா முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே கிடைத்த துண்டு மரங்களில், ஜப்பானிய முறையில் தேர்ந்த கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் கைத்தொழில் நுணுக்கங்களைக் கற்றார். 1943இல் ரேமண்டின் முயற்சியால் விடுதலையாகி, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை அமைத்தார்.

அவரது முறை இதுதான். பெரிய மரத்தை நீளவாக்கில் பாளமாக அறுத்து, பல ஆண்டுகள் உலர வைப்பார். பட்டையை ஒட்டிய வெளி ஓரத்தை நேராக்க மாட்டார். மரம் வளர்ந்த நெளிவு அப்படியே மேசையின் விளிம்பாக நிற்கும். முடிச்சையும் வெடிப்பையும் மறைக்க மாட்டார். வெடிப்பு மேலும் ஓடாதபடி, இரண்டு பக்கமும் விரிந்து நடுவில் இடுங்கிய வண்ணத்துப்பூச்சி வடிவ மர ஆப்பைக் குறுக்கே பதிப்பார். குறையாகக் கருதப்பட்ட இடம் அந்த மேசையின் அடையாளமாகிவிடும். ஒவ்வொரு மரத்துக்கும் ஏற்ற ஒரே பயன் உண்டு, அதைக் கண்டுபிடிப்பதே தச்சன் வேலை என்பது அவர் கொள்கை. 1964இல் அவர் மீண்டும் இந்தியா வந்து, முன்னே சொன்ன அகமதாபாத் நிறுவனத்துக்கும் மரச்சாமான்களை வடிவமைத்தார். 1990இல் காலமானார்.

உலகின் ஒவ்வொரு கண்டத்திலும் ஓர் அமைதி மேசை இருக்க வேண்டும் என்பது அவர் கனவு. முதலாவது 1986இல் நியூயார்க் பேராலயம் ஒன்றில் வைக்கப்பட்டது. ஆசியாவுக்கான மேசை அவர் மறைவுக்குப் பின் 1996இல் ஆரோவிலுக்கு வந்தது. விடுமுறையில் புதுச்சேரி போகிறவர்கள் மாத்ரி மந்திரோடு திரும்பிவிடாமல் இதையும் விசாரித்துப் பார்க்கலாம்.

நாகர்கோவில் ஆசாரி நாகாஷிமாவைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் இருவர் சொன்னதும் ஒன்றே. மரம் எப்படி வளர்ந்ததோ அதைப் பார்த்து வடிவம் கொடு.

இன்று ஆய்வுக் கூடங்களும் அங்கேதான் வந்து நிற்கின்றன. பளு எங்கே விழுகிறதோ அங்கே மரம் பருக்கிறது. எலும்பு ஒரு படி மேலே போய், தேவையில்லாத இடத்தில் தன்னைக் கரைத்துக்கொள்கிறது. இந்த விதியைக் கணினியில் ஏற்றி நெதர்லாந்தின் யோரிஸ் லார்மன் 2006இல் எலும்பு நாற்காலியை உருவாக்கினார். வடிவத்தை அவர் வரையவில்லை. பளுவைச் சொன்னார், கணக்கு வடிவத்தைத் தந்தது. கிளை பிரிந்த வேர் போன்ற அலுமினியக் கால்கள் வந்தன.

நம் வீட்டில் செய்யத் தக்கவை

இப்போது கொச்சிக் கடைகளில் லைவ் எட்ஜ் என்ற பெயரில் விற்கும் பாள மேசைகள் நாகாஷிமா வழி வந்தவை. இரண்டு பாளத்துக்கு நடுவே நீல நிற ரெசினை ஊற்றி ஆறு போலக் காட்டுவதும் நடக்கிறது. வாங்க நினைப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, மரம் உலர்ந்ததா என்று கேளுங்கள். காற்றில் உலர்த்தினால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுக் கணக்கு. இங்குள்ள மழைக்காற்றில் அரைகுறையாக உலர்ந்த பாளத்தை ஏசி ஓடும் பிளாட்டில் வைத்தால் வெடிக்கும், முறுக்கும். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். ஆகவே பாளத்தை இரும்புச் சட்டத்தில் அசையாமல் இறுக்கியிருந்தால் வாங்காதீர்கள். திருகாணி துளை சற்று நீளமாக, மரம் அசைய இடம் விட்டு இருக்க வேண்டும்.

இரண்டு, மேசையின் அடிப்பக்கத்தையும் வெட்டு முனையையும் பாருங்கள். வளையங்கள் தெரிந்தால் மரம். மேல்பக்க ரேகை முனையில் தொடராவிட்டால் அது ஒட்டிய தாள்.

மூன்று, ஈட்டி மரம் என்றால் ரசீதும் ஆவணமும் கேளுங்கள். ஈட்டி இனம் முழுவதும் 2017 ஜனவரி முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள் முதலில் விதியை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நான்கு, தேக்கும் ஈட்டியும்தான் மரம் என்று எண்ண வேண்டாம். பலா மரம் அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து, வயது ஏற ஏறச் செம்பழுப்பாகும். ஓணக் காலத்துச் சுண்டன் வள்ளங்கள் ஆஞ்சிலியில் ஆனவை. தண்ணீருக்கு அஞ்சாத மரம். தோட்டத்தில் காற்றுக்கு விழும் பலாவையும் ஆஞ்சிலியையும் விறகுக்குத் தள்ளிவிடாமல் ஒரு நல்ல ஆசாரியை அழைத்துக் காட்டுங்கள்.

ஐந்து, நனைந்த மரச்சாமானை வெயிலில் போடாதீர்கள். மேல்தோல் மட்டும் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். சேற்றைக் கழுவி, தரையிலிருந்து தூக்கி, நிழலில் காற்றாட வைத்தால் போதும். "மரம் இதுக்கு முன்னாடியே ஆத்தைப் பாத்திருக்கு சாரே, பயப்படாதீங்க" என்றார் எங்கள் ஆசாரி. அது வெறும் பேச்சல்ல. லாரிகள் வருவதற்கு முன் மலைக்காட்டு மரங்கள் தெப்பமாகக் கட்டப்பட்டுப் பெரியாற்றில் மிதந்துதான் கீழே வந்தன.

ஆறு, பழைய சாமானை விற்கும்முன் ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். இணைப்பு ஆணியா, மரத்தில் மரம் செருகியதா. வளைவில் ரேகை கூட ஓடுகிறதா, குறுக்கே வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகும் விற்கத் தோன்றினால் விற்கலாம். எதை விற்கிறோம் என்று தெரிந்தாவது விற்போம்.

எங்கள் சாய்வு நாற்காலி இப்போது காக்கநாட்டில் மகளின் பத்தாவது மாடி பிளாட்டில் இருக்கிறது. அவள் முதலில் ஒரு பாள மேசைதான் வாங்கப் பார்த்தாள். நாற்காலியின் பின்காலைக் காட்டி, ஆசாரி சொன்னதை அப்படியே சொன்னேன். சற்று நேரம் அந்த வளைவைத் தடவிக்கொண்டிருந்தவள், "அப்பா, தாத்தா இதுல உக்காந்துதானே பேப்பர் படிப்பாரு, இது எனக்கே இருக்கட்டும்" என்றாள். வெள்ளம் வந்த சுவடாக, கால்களின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு நிறம் சற்று மங்கியிருக்கிறது. மெருகு போடட்டுமா என்று ஆசாரி கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.